கேட்டபடி உட்கார்ந்திருந்தேன்

கண்ணை மூடிவிட்டேன். மூச்சு உள்ளே போகிறது, வெளியே வருகிறது, அதை மட்டும் பாருங்கள் என்று தியான வகுப்பு மேடம் சொல்லியிருக்கிறார், பார்க்கிறேன், உள்ளே போகிறது, அடுத்த அறையில் பாப்பாவின் துணிப்பை ஜிப் இழுபடுகிற சத்தம், வெளியே வருகிறது. காலை மணி ஆறாகப் போகிறது. ஏழரை பஸ்ஸில் என் நாத்தனார் செல்வநாயகி அண்ணி என் மகளை ஓசூருக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். ஒன்றாம் வகுப்பு அங்கேதான், இனி பாப்பா வளர்வது அங்கேதான், லீவுக்கு லீவு இங்கே வரும். அண்ணிக்குக் குழந்தை இல்லை, வீட்டுப் பக்கத்திலேயே இங்கிலீஷ் பள்ளிக்கூடம் இருக்கிறது, அண்ணி தங்கமானவர், எல்லாம் சரிதான். எனக்குத்தான் சம்மதம் இல்லை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு இருந்த பதினெட்டு நாளும் போய்விட்டது, மிச்சம் ஒன்றரை மணி நேரம், அதிலும் இருபது நிமிடத்தை எடுத்துக்கொண்டு இந்த மூலையில் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டேன். தினமும் இந்நேரத்துக்கு உட்காருவேன், அதனால் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். இன்றைக்கு நான் ஒளிந்துகொள்ளத்தான் உட்கார்ந்தது. இரண்டே அறை உள்ள வீட்டில் கல்யாணமான ஒருத்தி வேறு எங்கே போய் ஒளிந்துகொள்வது. எண்ணம் வந்தால் துரத்தாதே, பிடித்தும் வைக்காதே, வந்தால் வா, போனால் போ. முழங்காலில் பிசிர் ஒட்டியிருக்கிறது, நேற்று வெட்டிய மேசை விரிப்புகளின் பிசிர். கம்பெனியிலிருந்து கட்டுக் கட்டாக வரும், தைத்த துணியில் தொங்குகிற நூல் நுனியைச் சின்னக் கத்தரியால் வெட்டி மடித்துக் கொடுக்கவேண்டும், கரூரில் எங்கள் தெருவில் பாதிப் பெண்களுக்கு இதுதான் வேலை. வெட்டி வெட்டி இப்போது எதைப் பார்த்தாலும் எனக்குத் தொங்குகிற நுனிதான் முதலில் தெரிகிறது. நேற்று அண்ணி வந்து வாசலில் நின்றபோது அவர் முந்தானையில் ஒரு நூல் தொங்கியதையே பார்த்துக்கொண்டு நின்றேன், வாங்கண்ணி என்று சொல்லவில்லை. வா. போ.

பேசாமல் இருப்பது எனக்குச் சின்ன வயதிலேயே வந்தது. எட்டாவது வரை படித்தேன். காலையில் டீச்சர் பேர் வாசிக்கும்போது நாகேஸ்வரி என்று வருவதற்கு மூன்று பேருக்கு முன்னாலேயே எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும், உள்ளேன் டீச்சர், இரண்டே வார்த்தை, அது வராது, என்னை நேராகப் பார்த்துக்கொண்டே ஆப்சென்ட் போட்ட டீச்சர் உண்டு. பெண் பார்க்க வந்த அன்றும் அப்படித்தான். பொண்ணுக்குப் புடிச்சிருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுருங்க என்று மாப்பிள்ளையாக வந்திருந்த அவர்தான் சொன்னார், அந்தக் கூட்டத்தில் அதைக் கேட்கத் தோன்றியது அவர் ஒருத்தருக்குத்தான். எங்கள் சின்னம்மா என் தோளைத் தொட்டு, என்ன கண்ணு, புடிச்சிருக்குதா என்றாள். நான் காலண்டரில் தேதி பார்த்துக்கொண்டிருந்தேன். வாயத் தொறக்கல, அப்பச் சம்மதம்னு அர்த்தம், தட்ட மாத்துங்க என்று சின்னம்மா சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, அதனால் அன்றைக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆனால் அதிலிருந்து அதுவே எங்களுக்குள் பழகிவிட்டது. அவர் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் பெயிண்டர், சாயந்தரம் வந்து கைகாலில் பெயிண்ட் போகத் தேய்த்துக்கொண்டே கேட்பார், நாகு, இப்படிச் செய்யலாமா. நான் பேசாமல் இருப்பேன். சரி, அப்பச் செஞ்சரலாம் என்பார். வீடு மாறியது, பாப்பாவுக்குக் கனிஷ்கா என்று பேர் வைத்தது, எல்லாம் அப்படி முடிவானதுதான். வேண்டாம் என்றால் நான் தலையை ஆட்டவேண்டும். ஏழு வருஷத்தில் இரண்டு தடவை ஆட்டியிருக்கிறேன், இரண்டு தடவையும் அவர் ஏன் என்றுகூடக் கேட்காமல் விட்டுவிட்டார். அவ்வளவுதான் செய்யவேண்டியிருந்தது, தலையை ஆட்டினால் போதும். மூச்சு. உள்ளே. வெளியே. வலது கால் மரத்துவிட்டது.

உள்ளே அண்ணி பாப்பாவுக்குத் தலை வாருகிறார் போல, சிக்கு இழுபட்டு ஸ் என்கிறது பாப்பா, அண்ணி உடனே, வலிக்குதா அம்மிணி, மெதுவா வாரறேன் என்கிறார். நான் வாரும்போது அது ஸ் என்றால், ஆடாம நில்லு என்பேன். பாப்பாவுக்கு மூன்று வயது நடக்கும்போது என் தலைக்குள் ஒரு சூடு ஏறிக்கொண்டே இருந்தது. அரை நாள் உட்கார்ந்து வெட்டி மடித்து வைத்த கட்டின்மேல் பாப்பா ஒரு நாள் குழம்புக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டது. என் கையில் கரண்டி இருந்தது. அடித்தேன். அடித்த பிறகும் கை மறுபடி ஓங்கி நின்றது. சாயந்தரம் அவர் வந்து தொடையில் கரண்டி பதிந்திருந்ததைப் பார்த்தார், தேங்காய் எண்ணெய் தடவினார், ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த வாரம்தான் எதிர்வீட்டு ராஜாமணி அக்கா, மண்டபத்து மாடியில தியான வகுப்பு வெச்சிருக்காங்க, வர்றியா என்று கேட்டது. போனேன். போகிற வழியெல்லாம், நீ எதுக்குடி அங்க, நீ பொறந்ததிலிருந்தே தியானத்துலதான இருக்கற, நாங்கல்ல வாய மூடக் கத்துக்கணும் என்று சிரித்துக்கொண்டே வந்தது. மேடம் எனக்கு நாலைந்து வயதுதான் மூத்தவர், இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை, மொபெட்டில் வருவார். மூன்றாவது வாரம் எல்லோரும் கண் திறந்ததும், நாகேஸ்வரியப் பாருங்க, எப்படி ஆடாம அசையாம உக்காந்திருந்தாங்க, அப்படி இருக்கணும் என்றார். முப்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். வாய் திறக்காமல் இருந்ததுக்காகத்தான் எனக்கு ஆப்சென்ட் போட்டார்கள், அதையே ஒருத்தர் கெட்டிக்காரத்தனம் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டேன். பொய் சொல்லக்கூடாது, நல்லது நடந்தது, தலைச்சூடு இறங்கியது, அதற்கப்புறம் பாப்பாமேல் கை வைக்கவே இல்லை. அடிப்பதை விட்டது எந்த நாள் என்று தெரியும். தூக்குவதை எந்த நாள் விட்டேன் என்று தெரியவில்லை. காலையில் இருபது நிமிடம் இருந்தது சாயந்தரமும் இருபதானது, சாயந்தரம் நாற்பதானது, கண் மூடியிருக்கும்போது அம்மாவக் கூப்பிடக் கூடாது பாப்பா என்று அதன் அப்பா ஒரு தடவைதான் சொன்னார், பிள்ளை அதை அப்படியே பிடித்துக்கொண்டது. ஒரு சாயந்தரம் கண்ணைத் திறக்கிறேன், எனக்கு நேர் எதிரே நிற்கிறது, கவுன் நனைந்து கால் வழியாக ஓடித் தரையில் தேங்கியிருக்கிறது. கக்கூஸ் கதவுக் கொக்கி அதற்கு எட்டாது. ஏன் பாப்பா கூப்பிடல என்றேன். நீ கண்ணு மூடியிருந்த, என்றது. எவ்வளவு நேரம் அப்படி நின்றதோ. நான் அப்போது என்ன நினைத்தேன் என்றால், இன்றைக்கு நன்றாக ஒன்றியிருந்தோம், சத்தமே கேட்கவில்லை என்று நினைத்தேன். அப்படி நினைத்த மனசு இதோ இந்த மூலையில் மூச்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

மேடம்மேல் குற்றம் இல்லை. ராஜாமணி அக்கா ஒரு நாள் எல்லோருக்கும் நடுவில், மேடம், அடுப்புல பால வெச்சுட்டு உக்காந்தாப் பொங்கிருது, என்ன பண்றது, அதையும் வந்தா வா போனாப் போன்னு விட்டரலாமா என்று கேட்டது, மண்டபமே சிரித்தது. எந்திரிச்சுப் போயி அணைச்சுட்டு வந்து மறுபடி உக்காருங்க, புள்ளை அழுதாத் தூக்குங்க, வீட்டுக்காரர் கூப்பிட்டா என்னன்னு கேளுங்க, அதுவும் இதுல சேர்த்திதான் என்றார் மேடம். நானும் சிரித்தேன், என் இரண்டு காதாலும்தான் கேட்டேன். ஆனால் எனக்கு வசதியான பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பதினெட்டு நாளைக்கு முன்னால் அந்தச் செவ்வாய்க்கிழமை. வேண்டாம், அங்கே போகாதே, மூச்சைப் பார். உள்ளே. பெயிண்ட் கலக்கிற தின்னர் வாசம் வருகிறது, இப்போது வருகிறதா அன்றைக்கு வந்ததா. அன்றைக்கு அவர் என்றைக்கும் இல்லாமல் சீக்கிரம் வந்தார், செருப்பைக் கழற்றுகிற சத்தம், பாப்பா தெருவில் விளையாடிக்கொண்டிருக்கிறது, நான் இங்கேதான் இப்படித்தான் இருந்தேன். புருவ மத்தியில் சின்னதாக ஒரு வெளிச்சம், முதல் தடவையாக, அடுப்பில் நீலமாக எரியுமே அந்த மாதிரி ஆடாமல் நிற்கிறது. அவர் என் எதிரில் உட்கார்ந்தார், முட்டி சொடுக்கியது கேட்டது. நாகு, அக்கா போன் பண்ணுச்சு என்றார். பாப்பாவ அங்க சேத்தலாங்குது. அங்க நல்லாப் படிப்பு. உனக்கும் பாரம் கொறையும், நீயும் நிம்மதியா இருப்ப. எனக்கு என்னமோ மாதிரி இருக்குது, நீ சொல்றதுதான். என்ன சொல்ற. ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக என் காதில் விழுந்தது. எனக்கு என்னமோ மாதிரி இருக்குது என்று சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் உள்ளே போனதுகூடக் கேட்டது. கண்ணைத் திறந்து தலையை இப்படி இப்படி ஆட்டினால் முடிந்திருக்கும். வெளிச்சம் போய்விடுமே என்று பார்த்தேன். இதுவும் ஒரு எண்ணம், வந்தால் வா, போனால் போ, என்று என் புருஷன் குரலை எண்ணம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் காத்துக்கொண்டிருந்தார். மூக்கில் மூச்சு வந்து போகிறது கேட்டது, என் மூச்சைவிட அவர் மூச்சைத்தான் அன்றைக்கு நன்றாகக் கேட்டேன். சரி, அப்ப வரச் சொல்லிர்றேன் என்று எழுந்து போனார். அன்றைக்கு நாற்பது நிமிடமும் உட்கார்ந்தேன். எழுந்தபோது அவ்வளவு லேசாக இருந்தது, பாடிக்கொண்டே இட்லிக்கு ஊறப்போட்டேன்.

மறுநாள் காலையில்தான் என்ன செய்தேன் என்று உறைத்தது. சொல்லியிருக்கலாம். மறுநாளே சொல்லியிருந்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் வேண்டாம் என்றால், நேத்தே சொல்லியிருக்கலாமே, உனக்குக் கேக்கலையா என்பார். கேட்கவில்லை என்றால் அது பொய். கேட்டது என்றால், கேட்டுக்கொண்டு ஏன் உட்கார்ந்திருந்தாய் என்பார், அதற்கு நான் என்ன சொல்வேன். இன்னொன்றும் இருக்கிறது. உனக்கும் பாரம் கொறையும் என்று ஏன் சொன்னார். அந்தக் கரண்டி அவர் மனசில் இன்னும் இருக்கிறதா, இவளிடம் பிள்ளை இருக்கவேண்டாம் என்று நினைத்துத்தான் அண்ணியிடம் ஒத்துக்கொண்டாரா. அதைக் கேட்டுவிட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு நாள், சம்பளம் வாங்கி வருகிற நாளில் சந்தோஷமாக இருப்பார் அப்போது சொல்லலாம் என்று நாலு நாள், பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தால் நின்றுவிடும் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன், தாயாக இருந்துகொண்டு அப்படியும் நினைத்தேன். அவர் பேச வாயெடுக்கிற நேரமெல்லாம் பாயை எடுத்து விரித்தேன். வெளிச்சம் அப்புறம் ஒரு நாளும் வரவில்லை. கண்ணை மூடினால் அவர் மூச்சுதான் கேட்கிறது, என்ன சொல்ற, என்ன சொல்ற என்று. நேற்று சாயந்தரம் பையில் துணி வைக்கும்போது பாப்பா தன் பழைய கவுனை எடுத்து, இது பத்தாதும்மா, இது இங்கயே இருக்கட்டும் என்று மடித்து என்னிடம் கொடுத்தது. வாங்கி வைத்துக்கொண்டேன்.

"சடை போட்டுட்டாக் கெளம்பிரலாம் தம்பி," என்கிறார் அண்ணி. என் புருஷன் சட்டையை உதறுகிறார். "அவ எந்திரிக்கட்டும், சொல்லிட்டுப் போகலாம்." "எழுப்பாதடா, பாவம், பாத்தா மனசு ஒரு மாதிரி ஆயிருமுன்னுதான் உக்காந்துட்டா போல. அம்மிணி, இப்படியே போயி அம்மாகிட்டச் சொல்லிட்டு வா, மிச்சத்த அப்பறம் பின்னலாம்." பாப்பாவின் கால் சத்தம் வருகிறது, நிலைப்படியில் நிற்கிறது. அதன் தேங்காயெண்ணெய் வாசம். சொல்லேன் பாப்பா, கூப்பிடேன், ஒரு தடவை கூப்பிடு. "அம்மா கண்ணு மூடியிருக்குது," என்று திரும்பிச் சொல்கிறது. "இன்னிக்கு ஒரு நாள் கூப்பிடலாம் கண்ணு." "வேண்டாம் அத்தை. கூப்பிடக் கூடாது. அதுவாத் தொறக்கும், நான் நிக்கறேன்." நிற்கிறது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கும், நான்தான் அப்படிப் பழக்கியிருக்கிறேன், பஸ் போனாலும் நிற்கும், அதன் மூச்சு இப்போது கேட்கிறது, சின்ன மூச்சு, லேசாகச் சளி.

கண்ணைத் திறந்தேன். பாதிச் சடையோடு என்னைப் பார்த்துச் சிரித்தது. எழுந்தேன், மரத்த கால் மடங்கியது, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பாப்பா போக வேண்டாம்," என்றேன்.

யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. "என்ன புள்ள?" என்று அவர் வந்தார், ஒரு கைதான் சட்டைக்குள் இருந்தது.

"பாப்பா போக வேண்டாங்க. இங்கயே படிக்கட்டும்."

"இப்ப வந்து சொல்ற? உன்னையக் கேட்டுட்டுத்தான அக்காவ வரச் சொன்னேன்."

அண்ணி சீப்போடு பின்னால் வந்து நின்றார். "தம்பி, கண்ண மூடி உக்காந்திருந்தாள்னுதான சொன்ன. அந்த நெலமையில இருக்கறவங்களுக்குக் காதே கேக்காதாம், எங்க பக்கத்து வீட்டம்மா சொல்லும். அவளுக்கு என்ன தெரியும், நீ பாட்டுக்கு முடிவு பண்ணிட்ட."

அவர் முகம் மாறிவிட்டது. "ஆமா நாகு? அன்னிக்கு உனக்குக் கேக்கவே இல்லையா?" என்றார். அவ்வளவு பாவமாகக் கேட்டார், தப்பு தன்னுடையதோ என்று. நான் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. பேசாமல் நின்றால் போதும், கேட்கவில்லை என்று அவரே எடுத்துக்கொள்வார், அண்ணியும் எடுத்துக்கொள்வார், பாப்பா இங்கே இருக்கும், ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது.

"கேட்டுச்சுங்க," என்றேன். "நீங்க சொன்னது அத்தனையும் கேட்டுச்சு. கேட்டுட்டேதான் உக்காந்திருந்தேன்."

"அப்பறம் ஏன் கண்ணத் தொறக்கல?"

"நல்லா இருந்துச்சு."

"எது?"

"யாரும் இல்லாம இருந்தது."

அவர் என்னையே பார்த்தார். சட்டையின் இன்னொரு கையையும் போட்டுக்கொண்டார், பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டார், அப்புறம் கட்டிலில் போய் உட்கார்ந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணிதான், "பாப்பாவுக்குன்னு புதுசாக் கட்டில் வாங்கிப் போட்டிருக்கேன் கண்ணு," என்றார் என்னிடம். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பதினெட்டு நாளைக்கு முன்னால் நான் தலையை ஆட்டியிருந்தால் அவர் அந்தக் கட்டிலை வாங்கியிருக்க மாட்டார். "மன்னிச்சுக்குங்க அண்ணி," என்றேன். "பெத்தவ சொல்லிட்ட, அப்பறமென்ன," என்று பாப்பாவைத் தன் பக்கம் திருப்பி, பாதியில் விட்ட சடையைப் பின்ன ஆரம்பித்தார். ரிப்பன் கட்டும்போது இரண்டு தடவை அவிழ்ந்தது.

பாப்பாவுக்கு அப்போதுதான் புரிந்தது. "நான் போகலையா?" என்றது.

"இல்ல பாப்பா. நீ அம்மாகூடத்தான்."

"அப்ப மஞ்ச வேனு?"

எனக்கு விளங்கவில்லை. "ஸ்கூலுக்கு அனுப்பற வேனு, சன்னல் சீட்டு வாங்கித் தர்றேன்னு சொல்லியிருந்தேன்," என்றார் அண்ணி மெதுவாக. பாப்பா தரையில் உட்கார்ந்து காலை உதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தது. மஞ்ச வேனு வேணும், சன்னல் சீட்டு வேணும், அத்தை வீட்டில் பூனைக்குட்டி இருக்கிறதாம் அது வேணும், ராத்திரி கதை சொல்லுவேன் என்று அத்தை சொன்னதாம் அது வேணும். நீ சொல்ல மாட்ட, நீ கண்ணு மூடிக்குவ, என்றது. நான் அதன் எதிரில் உட்கார்ந்தேன். கிட்டே கையைக் கொண்டுபோனால் தட்டிவிட்டது. ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி அழுதது, எல்லாவற்றையும் கேட்டேன், அது முடிகிற மாதிரி தெரியவில்லை.